யாழ்ப்பாணத்தை வரைந்த கைகள்

கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், நூலகம் என்று யாழ் நகரத்தின் முகத்தை வடித்தவர்கள் பலர். அந்தக் கணக்கில் கொடிகாமத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கொழும்பிலிருந்து கண்டி வீதியால் வருகிறவருக்கு யாழ்ப்பாணம் எங்கே தொடங்குகிறது? வரவேற்பு வளைவை நம்பினால் செம்மணியில். சந்தைக் கணக்கில் பார்த்தால் அதற்கு வெகு முன்னதாகவே, கொடிகாமத்தில். பருத்தித்துறை வீதியும் கச்சாய் வீதியும் கண்டி வீதியோடு வந்து சேரும் இடம் அது. புகையிரத நிலையமும் கூப்பிடு தூரம்தான். தென்மராட்சியின் தேங்காயும் பலாப்பழமும் வாழைக்குலையும் மாம்பழமும் இங்கே இறங்கி, விலை பேசப்பட்டு, மறுபடி ஏறுகின்றன. வடமராட்சிக்குப் போகிற சரக்கை ஏற்ற இன்னும் தட்டிவான் இருக்கிறது. மரத்தில் கட்டிய உடல், கண்ணாடி இல்லாத பக்கங்கள். பின்புறத் தட்டியைச் சங்கிலியில் மட்டமாகத் தொங்கவிட்டு, அதன்மேல் குலைகளையும் சாக்குகளையும் அடுக்குவார்கள். சரக்குப் போக மிஞ்சிய இடத்தில் ஆட்கள். வெளியூரார் படம் பிடிக்கும் காட்சி இது. உள்ளூராருக்கு அது பருத்தித்துறைக்குப் போகும் வண்டி.

இந்தச் சந்தியை எந்த அரசனும் எந்தத் தளபதியும் மேசையில் விரித்து வைத்து வரையவில்லை. வீதி வந்தது, பிறகு தண்டவாளம் வந்தது, இரண்டும் அருகருகே ஓடிய இடத்தில் சந்தை பெருத்தது. ஏறத்தாழ 25 கிலோமீற்றர் மேற்கே இருக்கும் யாழ் நகரத்தின் கதை வேறு. அது திரும்பத் திரும்ப வரையப்பட்ட நகரம். ஒவ்வொரு ஆட்சியும் முந்தியதன்மேல் தன் கோட்டைக் கீறிவிட்டுப் போயிருக்கிறது. அந்தக் கோடுகளில் எது யாழ்ப்பாணத்தின் முகமாக நிலைத்தது என்று கேட்டால், வரைந்தவர்கள் எதிர்பார்த்திராத விடைகள்தான் கிடைக்கின்றன.

நாலு திக்கும் நாலு காவலும்

முதற் கோடு நல்லூரில் விழுந்தது. ஆரியச் சக்கரவர்த்திகளின் தலைநகரத்துக்குக் கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர், தெற்கே கைலாயநாதர் என்று நாலு திக்கிலும் கோயில் அமைத்ததாக யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும். மதிலைவிடக் கோயிலை எல்லைக் கல்லாக நம்பிய நகரமைப்பு அது. கட்டடங்கள் போய்விட்டன. இன்று நிற்கும் கோயில்கள் பிற்காலத்தில் எழுந்தவை. ஆனாலும் அந்தப் பெயர்கள் போகவில்லை. சட்டநாதர் கோயிலடி, முத்திரைச் சந்தி, சங்கிலித் தோப்பு என்று சொல்லி வழி கேட்டால் இன்றைக்கும் முச்சக்கரவண்டிக்காரர் கொண்டுபோய் விடுவார். அரச நகரம் அழிந்தும் அதன் வரைபடம் வாய்மொழியாக உயிரோடிருக்கிறது.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய தளபதி பிலிப் டி ஒலிவேரா முதலில் நல்லூரில்தான் தங்கினான். கடலிலிருந்து உதவி வந்துசேர அது தோதான இடமில்லை என்று பட்டதும் தலைநகரைக் கரையோரத்துக்கு மாற்றினான். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் 1621இல் இடிக்கப்பட்டது. கோயிலைச் சுற்றியிருந்த நகரம் கோட்டையைச் சுற்றும் நகரமானது இப்படித்தான். யாழ்ப்பாணத்தின் மையம் அன்று இடம் பெயர்ந்தது. அதன் பின் இன்றுவரை நகரத்துக்கு இரண்டு மையங்கள்: அலுவலுக்கும் வியாபாரத்துக்கும் கோட்டைப் பக்கம், நெஞ்சுக்கு நல்லூர். ஆவணி பிறந்து நல்லூர்த் திருவிழா உச்சத்துக்கு வரும் நாள்களில் எந்த மையம் வலியது என்று யாரும் வாதிட வேண்டியதில்லை.

கோட்டை எழுந்த இடம் வெறும் கடற்கரை என்று நெடுங்காலம் பலர் எண்ணியிருந்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்திய அகழாய்வுகள் அதைத் தவறென்று காட்டின. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்திய மட்பாண்டங்களும், சீனத்துப் பீங்கான் துண்டுகளும், இந்தியாவோடும் மேற்கோடும் நடந்த கடல் வணிகத்தின் தடயங்களும் கோட்டைக்குள்ளேயே கிடைத்தன. ஒலிவேரா நகரத்தை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த துறைமுகத்தின்மேல் வந்து உட்கார்ந்தான்.

வெறுமையாக விட்ட நிலம்

1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை இடித்து ஐங்கோணமாக்கினார்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய அந்தக் கோட்டையின் வெளி அரண்கள் முடிய 1792 ஆகிவிட்டது. மூன்றே ஆண்டில், 1795இல், பெரிய சண்டை எதுவுமின்றி அது பிரித்தானியர் கைக்குப் போனது. நூறாண்டுக்கு மேலாகச் செதுக்கிய அரணைக் கட்டியவன் அனுபவிக்கவில்லை.

கோட்டைக்குக் கிழக்கே ஒல்லாந்தர் காலத்து நகரம் நேர்கோடுகளில் கிடக்கிறது. பிரதான வீதி, அதை வெட்டும் முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என எண்ணிட்ட தெருக்கள். இந்தப் பகுதிக்கு ஊரார் வைத்த பெயர் பறங்கித் தெரு. யாழ்ப்பாணத்தின் மற்றப் பகுதிகளில் நடப்பவருக்கு இந்த நேர்கோடு அந்நியமாகப் படும். அங்கெல்லாம் ஒழுங்கைகள்தான்: வளைந்து, குறுகி, வேலிக்கு வேலி திரும்பி, சில வேளை ஒரு கிணற்றடியில் முட்டி நின்றுவிடும் ஒழுங்கைகள். வரைபடத்தில் ஒழுங்கீனமாகத் தெரியும். காணி பிரிந்த கதையும் சொந்தம் கொண்டாடிய கதையும் வழக்குப் போட்ட கதையும் அந்த வளைவுகளில்தான் இருக்கின்றன.

ஒல்லாந்தக் கோட்டில் மிகவும் சுவாரசியமான பகுதி அவர்கள் எதுவும் கட்டாமல் விட்ட இடம். கோட்டைச் சுவரிலிருந்து பீரங்கி சுடும்போது எதிரி மறைய ஒரு மரமும் சுவரும் இருக்கக்கூடாது என்பதற்காகக் கோட்டைக்கும் நகரத்துக்கும் நடுவே ஒரு வெளி விடுவது அந்தக் காலத்துப் படைக் கணக்கு. அந்த வெளிதான் முற்றவெளி. பீரங்கிகள் ஓய்ந்த பின் அங்கே பந்து விளையாடினார்கள், கூட்டம் போட்டார்கள், ஊர்வலத்தை முடித்தார்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதி நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திரண்ட கூட்டத்தில் பொலிஸார் புகுந்தபோது உயிரிழந்தவர்களுக்கான நினைவுத்தூண்கள் இந்த வெளியின் ஓரத்தில்தான் நிற்கின்றன. கொல்வதற்கென்று வெறுமையாக விடப்பட்ட நிலம் பிற்பாடு மக்கள் கூடும் முற்றமானது. யாழ் நகரத்தில் எந்தத் திட்டக்காரனும் திட்டமிடாத மிகப் பெரிய பொது இடம் அதுதான் என்று துணிந்து சொல்லலாம்.

படமும் தோம்பும்

யாழ்ப்பாணத்தைக் கண்ணால் கண்டு உலகத்துக்குக் காட்டிய முதல் பெரிய நூல் பிலிப்பஸ் பால்டியஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியாருடையது. 1658 முதல் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்தவர் அவர். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவர் நூலில் குடாநாட்டுக் கோயிற்பற்றுகளின் செதுக்குப் படங்கள் உண்டு. ஓடு வேய்ந்த தேவாலயம், முன்னால் ஒரு வெளி, சுற்றிலும் தென்னையும் பனையும், கூட்டங்கூட்டமாய் ஆட்கள். சாவகச்சேரியும் கச்சாயும் வரணியும் அந்த நூலில் பேசப்படுகின்றன. கொடிகாமச் சந்தியில் நின்று தெற்கே போனால் கச்சாய், வடக்கே போனால் வரணி. இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்திக்கு அப்போது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

படங்களை நம்புவதில் ஒரு எச்சரிக்கை வேண்டும். அவற்றைச் செதுக்கிய கைகள் ஐரோப்பாவில் இருந்தவை. பனையும் தென்னையும் சில படங்களில் ஒன்றுபோல இருப்பதைப் பார்த்தால், செதுக்கியவர் இரண்டில் ஒன்றையாவது கண்டிருப்பாரா என்ற சந்தேகம் வராமல் போகாது.

ஒல்லாந்தர் விட்டுப்போன இன்னொரு படம் எழுத்தால் ஆனது: தோம்பு. யாருக்கு எவ்வளவு காணி, அதில் என்ன மரம், என்ன வரி என்று ஊர் ஊராக எழுதிவைத்த காணிப் பதிவேடு. வரி தண்டுவதற்காக எழுதப்பட்டதுதான். ஆனாலும் யாழ்ப்பாணத்தார் தோம்பைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். காணி உறுதி எழுதும்போது நொத்தாரிசுகளின் நாவில் அந்தச் சொல் புழங்கியது. சாவகச்சேரியில் ஒரு வீதிக்கு இன்றும் டச்சு வீதி என்றே பெயர். ஆண்டவனை மறந்தாலும் அவன் வைத்த கணக்கை மறப்பதில்லை.

பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்தை வரைந்தவர் என்று ஒருவரைச் சொல்வதென்றால் பேர்சிவல் அக்லண்ட் டைக். 1829இல் அரசாங்க அதிபராக வந்து, 1867இல் சாகும்வரை வடக்கை ஏறத்தாழத் தன் சொந்தச் சிற்றரசு போலவே நடத்தினார். கச்சேரியும் அதை ஒட்டிய பழைய பூங்காவும் அவர் காலத்தின் அடையாளங்கள். வெள்ளைக்கார அதிபர் தனக்காக வளர்த்த மரங்களின் நிழலில் இன்று நகரப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

மணிக்கூட்டுக் கோபுரம் 1882இல் எழுந்தது. வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் ஞாபகமாக. வரைந்தவர் ஜே. ஜி. ஸ்மிதர், கொழும்பு நூதனசாலையை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர். யாழ்ப்பாணத்துக்கு உரியதாக அந்தக் கோபுரத்தில் எதுவுமில்லை. முஸ்லிம் கட்டடக் கலையின் சாயலில் ஒரு குமிழ்க் கூரை, இங்கிலாந்து மணிக்கூடு, கொழும்பு வரைபடம். போரில் அது சிதைந்தது, 2002இல் திருத்தப்பட்டது. அதற்குப் புதிய மணிக்கூடுகளைக் கொடுத்தவர் இன்னொரு வேல்ஸ் இளவரசர், சார்ள்ஸ். நூற்றிருபது ஆண்டுகளில் பட்டத்துக்கு உரியவர் மட்டும் மாறியிருக்கிறார். நினைவுப் பரிசுக் கடைகளில் யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு மேல் அச்சாகும் மூன்று படங்களில் இந்தக் கோபுரம் ஒன்று.

ஊரார் கேட்டு வரைந்த கட்டடம்

மூன்றில் இன்னொன்று பொது நூலகம். மேலே சொன்ன எல்லாவற்றிலிருந்தும் அது விலகி நிற்கிறது. ஆட்சியாளர் தந்ததல்ல அது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டிலேயே புத்தகங்களைச் சேர்த்துத் தொடங்கிய முயற்சி, ஊர்ப் பெரியவர்கள் கைகொடுத்து, நகர சபைக்குக் கைமாறி வளர்ந்தது. காசு சேர்க்கக் களியாட்ட விழாக்கள் நடந்தன. இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதனிடம் ஆலோசனை கேட்டார்கள். கட்டடத்தைத் திராவிடச் சாயலில் வரைந்து தரச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனை அழைத்தார்கள். பிறகு அடிக்கல். 1959 ஒக்டோபர் 11ஆம் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். யாழ்ப்பாணத்தார் தாங்கள் எப்படித் தெரியவேண்டும் என்று தாங்களே தீர்மானித்த முதற் பெரிய பொதுக் கட்டடம் அது எனலாம். நகரத்து ஐரோப்பிய முகத்துக்கு எதிரே, முற்றவெளிப் பக்கமாகவே அதைக் கொண்டுபோய் நிறுத்தியதும் தற்செயலாகத் தோன்றவில்லை.

1981இல் ஓர் இரவு மூட்டிய தீயில் 97,000 அளவிலான நூல்களும் ஓலைச் சுவடிகளும் எரிந்தன. அதற்குப் பிறகு நூலகத்துக்கு இரண்டு படங்கள் உண்டு. ஒன்று வெள்ளைக் கட்டடம், முன்னே சரஸ்வதி சிலை. மற்றது கூரையற்ற, கரிபிடித்த சுவர்களின் ஒளிப்படம். எரிந்த பகுதியை அப்படியே நினைவுச் சின்னமாக விடுவதா, பழைய உருவத்திலேயே எழுப்புவதா என்று வாதம் நடந்தது. பழைய உருவம் வென்றது. 2003இல் மறுபடி திறக்கப்பட்ட கட்டடத்தின் முன் நின்று படம் எடுக்கும் பயணிக்கு அங்கே என்ன நடந்தது என்று சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. வடு முழுவதும் ஒளிப்படங்களுக்குள் போய்விட்டது. அழகாகத் திருத்தினார்கள் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஒரு சுவரையாவது விட்டிருக்கலாம்.

நகரம் கொடிகாமத்துக்கு வந்த காலம்

1995 ஒக்டோபர் 30. இராணுவம் நகரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அன்றிரவு மழைக்குள் யாழ் நகரமும் வலிகாமமும் ஏறத்தாழ முழுதாக எழுந்து நடந்தன. செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி. இலட்சக்கணக்கானோர் சைக்கிளிலும் வண்டியிலும் தலைச்சுமையாகவும் எடுத்தது எடுத்தபடி கிழக்கே வந்தார்கள். சாவகச்சேரிக்கும் கொடிகாமத்துக்கும் மிருசுவிலுக்கும் இடையே பாடசாலை வகுப்பறை, கோயில் மண்டபம், தென்னந்தோட்டம், தெரிந்தவர் வீட்டு விறாந்தை எல்லாம் நிரம்பின. டிசம்பர் தொடக்கத்தில் இராணுவம் கைப்பற்றியது ஆளில்லாத நகரத்தை.

அடுத்த வருஷம் ஏப்பிரலில் தென்மராட்சிக்கும் இராணுவம் வந்து, சனங்கள் பெருவாரியாகத் திரும்பிப் போகும்வரை, ஏறத்தாழ ஆறு மாதம், யாழ் நகரம் என்பது கண்டி வீதியின் இந்தத் துண்டில்தான் இருந்தது. கட்டடங்கள் மேற்கே, நகரத்தவர் கிழக்கே. கடைகள் கிடுகுக் கொட்டில்களில் திறந்தன. கொடிகாமச் சந்தை ஒரு பிரதேசத்துக்குச் சோறு போட்டு வந்த சந்தை. அந்த மாதங்களில் ஒரு குடாநாட்டுக்கே போட்டது. யாழ்ப்பாணத்தின் வரலாற்றுப் படங்களில் இந்த ஆறு மாதத்துக்கு வரைபடம் கிடையாது. எந்த அளவையாளரும் அந்தக் கொட்டில்களை அளக்கவில்லை. ஒரு நகரம் தன் கட்டடங்களைக் கழற்றிவிட்டு மனிதர்களை மட்டும் கொண்டு இயங்கிய காலம் அது. எந்தக் கோட்டையையும் விட அதுவே நகரத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லும்.

2000ஆம் ஆண்டு கொடிகாமத்தின் முறை. ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்ததும் சண்டை தென்மராட்சிக்குள் வந்தது. சாவகச்சேரி தரைமட்டமாயிற்று. கொடிகாமத்தாரும் ஊரை விட்டு ஓடினார்கள். புகையிரதம் 1990இலேயே நின்றுபோயிருந்தது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்கு குழிகளுக்குக் கூரையாகிவிட்டன. 1956 முதல் ஓடிய யாழ்தேவியின் பாதை பற்றையாகக் கிடந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம்வரை ரயில் மறுபடி ஓடியபோது, இந்தியக் கடனுதவியில் கட்டிய நிலையங்கள் வரிசையாக எழுந்திருந்தன: ஒரே அச்சில் வார்த்த செங்கற்கள்போல. வசதிக்குக் குறைவில்லை. பெயர்ப்பலகையை மறைத்துவிட்டால் எந்த ஊரில் நிற்கிறோம் என்று தெரியாது, அவ்வளவுதான்.

மறுபடி ஒரு தோம்பு

இழந்த யாழ்ப்பாணத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர் ஓவியரும் யாழ் பல்கலைக்கழக விரிவுரையாளருமான தா. சனாதனன். 2011இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயரே முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும். இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்கள் 80 பேரிடம் அவர்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கீறித் தரச் சொன்னார். பக்கத்துக்குப் பக்கம் அந்தக் கைக்கீறல், அதைக் கட்டட வரைபட முறையில் திருத்தி வரைந்த படம், பிறகு சனாதனனின் ஓவியம். ஒல்லாந்தன் வரிக்காக எழுதிய பதிவேட்டின் பெயரை எடுத்து, காணி இழந்தவர்களின் பதிவேடாக அவர் மாற்றிவிட்டார். 2004இல் யாழ் பொது நூலகத்தில் அவர் வைத்த நிறுவற்கலையும் அதே வழிதான். போரைக் கடந்து மிஞ்சிய வீட்டுப் பொருள்களை ஊராரிடமிருந்தே சேகரித்துக் காட்சிக்கு வைத்தார்.

நினைவிலிருந்து கீறிய வீட்டுப் படங்களில் அறையளவு பிழைக்கலாம். கிணறு இருந்த பக்கம் பிழைக்காது. வேலியில் பொட்டு இருந்த இடமும் வேம்பு நின்ற மூலையும் பிழைக்காது. யாழ்ப்பாணத்தின் சொந்த நகரமைப்பு இந்த அளவில்தான் இயங்கியது: நாற்சார் முற்றம், கிடுகு வேலி, வழிப்போக்கர் ஒதுங்கத் திண்ணையோடு கூரை போட்ட சங்கடப்படலை, தலைச்சுமையை இறக்கிவைக்கும் சுமைதாங்கிக் கல், மாடு முதுகு தேய்க்கும் ஆவுரஞ்சிக் கல். தட்டிவான் ஓடும் வீதியின் மறுமுனையான பருத்தித்துறையில், தெருவின் குறுக்கே கூரை போட்டு நிற்கிறது தெருமூடி மடம். வீதியை மறிக்காமல் வீதிக்கே நிழல் கொடுத்த கட்டடம். இவற்றை வரைந்த கொத்தனார்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பிலிப் டி ஒலிவேரா முதல் ஸ்மிதர் வரை வந்தவர்கள் பெயரெல்லாம் இருக்கின்றன.

இப்போது திட்டங்களுக்குக் குறைவில்லை. உலக வங்கிக் கடனில் நடந்த முக்கிய நகரங்கள் திட்டத்தில் கண்டி, காலியோடு யாழ்ப்பாணமும் பின்னர் சேர்க்கப்பட்டது. வடிகாலும் குளமும் வீதியும் திருத்தப்பட்டன. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்திய அரசின் கொடையாக 11 மாடிக் கலாசார மையம் எழுந்து 2023இல் கையளிக்கப்பட்டது. முற்றவெளியிலிருந்து பார்த்தால் கோட்டையும் நூலகமும் அதன் முன்னே குள்ளமாகிவிட்டன. அரங்கம் நல்ல அரங்கம், நகரத்துக்குத் தேவைப்பட்டதுதான். ஆனால் 400 ஆண்டுப் பழக்கம் மாறவில்லை. யாழ் நகரத்தின் வானக்கோட்டைத் தீர்மானிப்பது இன்றும் காசு கொடுப்பவர்தான்.

நூறாண்டுக்கு முன் பற்றிக் கெடஸ் என்ற ஸ்கொத்லாந்து அறிஞர் சென்னை மாகாணத்தின் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் போன்ற ஊர்களைச் சுற்றி நடந்து பார்த்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் ஒரு திட்டம் தந்தார். அவர் முறை எளியது. முதலில் ஊரை நடந்து பார், பிறகு பென்சிலை எடு. தெருவை இடித்து அகலிக்காமல், இடைஞ்சலான ஒன்றிரண்டை மட்டும் நீக்கி ஊரை ஊராகவே விடு. கோயில் ஊர்களில் தேர் ஓடும் வீதியின் அறிவை அவர் மதித்தார். வந்தவர்களில் இப்படிப்பட்டவர் குறைவு.

இனிக் கொடிகாமத்துக்கு வருவோம். சாவகச்சேரி நகரம் நகர சபையின் கீழே. கொடிகாமம் பிரதேச சபையின் கீழே. நகரம் என்ற பட்டம் இல்லாததால் நகரத் திட்டத்தின் பார்வை இங்கே இலேசில் விழாது. வீதி அகன்றுவிட்டது. வாகனம் பெருகிவிட்டது. சந்தையைச் சுற்றி கொங்கிரீட் கடைகள் வரிசை கட்டுகின்றன. நாளைக்கு யாரோ ஒருவர் வரைபடத்தோடு வரத்தான் போகிறார். அவர் மேசையில் விரிக்கும்போது, தேங்காய் எந்தப் பக்கத்தால் வருகிறது, தட்டிவான் எங்கே திரும்புகிறது, வெய்யில் நேரத்தில் விற்பவர்கள் எந்த மரத்தடிக்கு நகர்கிறார்கள், 1995இல் எந்த வளவில் எத்தனை குடும்பம் இருந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு படமாவது இருக்கவேண்டும்.

அதைத் தொடங்கப் பெரிய காசு தேவையில்லை. கொடிகாமம் திருநாவுக்கரசு மத்திய மகா வித்தியாலயத்து உயர்தர மாணவர்களும் யாழ் பல்கலைக்கழகப் புவியியல் துறையும் சேர்ந்தால் ஒரு தவணைக்குள் சந்தியையும் சந்தையையும் அளந்து வரைந்துவிடலாம். வாசகர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பழைய புகையிரத நிலையம், சந்திக் கடைகள், தட்டிவான், இடப்பெயர்வுக் காலத்துக் கொட்டில்கள் பதிவான ஒளிப்படங்கள் உங்கள் அல்பங்களில், இங்கோ கனடாவிலோ லண்டனிலோ, இருக்கும். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றின் பிரதியைக் கொடுங்கள். படத்தின் பின்பக்கத்தில் ஆண்டையும், நிற்பவர்களின் பெயரையும், எந்த இடம் என்பதையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனை மை படத்தின் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.